நாலு கத்தரி, ஒரு மூலை

அத்தியாயம் 4

"நாலு பத்திரிகையும் சேர்ந்து பொய் சொல்லுமா மேடம்?"

வந்தவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாலு பத்திரிகையையும் ஒன்றாகச் சுருட்டி, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி கையில் பிடித்திருந்தாள்.

அண்ணி எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "முதல்ல உக்காருங்க. சொல்லுமா சொல்லாதான்னு உக்காந்தும் பேசலாம்."

அண்ணிதான் அந்தத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி. மூலையில் கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்த உதவியாளன் அவள் புருஷனின் தம்பி. வீட்டில் அவனுக்கு வைத்த பேர் வாலு. அவன் ஆபீஸிலும் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், தபால்காரர் முதல் போலீஸ் கமிஷனர் வரை எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்," என்றாள் வந்தவள். "கண்ணாடி டவர்ல லிஃப்ட் வழுக்கி ரெண்டு மாடி கீழ போயிருச்சு. உள்ள இருந்த ரெண்டு பேருக்குக் கால் உடைஞ்சுது. இவர்தான் மேல ஏறி, கையாலயே சக்கரத்தைச் சுத்தி லிஃப்டை நிறுத்தி, ரெண்டு பேரையும் வெளிய தூக்கிட்டு வந்தார். மறுநாள் காலைல பாத்தா..."

சுருளை மேஜைமேல் பிரித்துப் போட்டாள்.

'போதையில் மெக்கானிக், வழுக்கியது லிஃப்ட்.' 'குடித்துவிட்டுத் தூங்கிய ஊழியர்: இருவர் கால் முறிவு.' 'மதுவின் கையில் லிஃப்ட் சாவி.' நாலாவது பத்திரிகை ஒரே வார்த்தையில் முடித்திருந்தது: 'தள்ளாடியது!'

"அவர் குடிக்க மாட்டாரா?" என்றான் வாலு.

"இருமல் மருந்தே மூக்கைப் பிடிச்சுத்தான் ஊத்தணும்."

"சரி, லிஃப்ட் ஏன் வழுக்குச்சு?"

"கம்பிவடம் தேஞ்சிருச்சு. புதுசு வந்து டவர் அடித்தளத்துல சுருளா கிடக்கு. மாத்தணும்னா ஒருநாள் பூரா லிஃப்டை நிறுத்தணும். நிர்வாகம் விடல. மேல் மாடியில விழா, பெரிய மனுஷங்களைப் படியேறச் சொல்றதான்னு இவரையே திட்டி அனுப்பிட்டாங்க. யாராவது ஒருத்தர் கீழ இறங்கிப் பாத்திருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் பாக்கல."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு மூணு மணிக்கு லிஃப்ட் கம்பெனியில விசாரணை. வேலையும் போயிரும், லைசென்ஸும் போயிரும். அதுக்கப்புறம் ஒருத்தனும் அவரை ஸ்குரூ டிரைவர் தொட விட மாட்டான். சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். விசாரணை அதிகாரிகிட்ட நேத்தே போய்க் கெஞ்சினேன். 'ஒரு பத்திரிகைன்னா தப்பா எழுதிட்டான்னு சொல்லலாம்மா. நாலு பத்திரிகை, டிவி, ரேடியோ. ஆறு சாட்சியை எப்படித் தள்றது'ன்னு கேக்கறார்."

அண்ணி வாலுவின் பக்கம் திரும்பினாள். "கண்ணாடி டவர் யாரோடது?"

"பெரியவரோடது. ஊர்லயே பெரிய முதலாளி."

"இந்த நாலு பத்திரிகை?"

"அதே பெரியவர்."

"டிவி?"

"பெரியவர்."

"ரேடியோ?"

"அதை மட்டும் மருமகன் பேர்ல வாங்கியிருக்கார் அண்ணி. சம்பந்தி வீட்டுலயும் நாலு பேர் பேசிக்கணும்ல."

"அப்ப ஆறு சாட்சி இல்ல," என்றாள் அண்ணி. "ஒரே ஆளு ஆறு சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

"அது தெரியும் மேடம். என் தங்கச்சி வீட்டுக்காரரே அங்கதான் வேலை பாக்கறார். எங்களுக்காக அலையா அலையறார், பாவம். 'ஒரே முதலாளின்னாலும் நாலு பேரும் தனித்தனியா விசாரிச்சுத்தான் எழுதறாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியலக்கா'ன்னு அவரும் கையை விரிச்சுட்டார்."

வாலு பெருமூச்சு விட்டான். "கொடுத்து வெச்ச மனுஷன் அண்ணி, இந்த மெக்கானிக். ஒண்ணுன்னா பேப்பரைச் சுருட்டிக்கிட்டு ஓடி வர ஒருத்தி. எனக்குன்னு ஒரு பொண்ணைப் பாத்து வெச்சிருக்கீங்களே, அவ ரேடியோல காலைல பேசறவன் குரலைக் கேட்டுத்தான் பல்லே தேய்க்கறா. நான் ஜெயிலுக்குப் போனா, எந்த ஸ்டேஷன்ல போட்டிருக்காங்கன்னு கேப்பா. ரேடியோ ஸ்டேஷனை."

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. நாலு பத்திரிகையிலும் இருந்த மெக்கானிக்கின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் அரைக்கண் மூடிய முகம் மட்டும். இரண்டாவதில் முகமும், கையில் பிடித்த கண்ணாடிக் கிளாஸும். மூன்றாவதில் மூக்கிலிருந்து இடுப்பு வரை. நாலாவதில் இடதுபக்கத்துச் சுவரோடு பாதி முகம்.

"இந்தப் படம் எங்க எடுத்தது?"

"எங்க வீட்டுல. போன வருஷம் பொண்ணு பிறந்தநாளுக்கு. ஆளாளுக்குப் போன்ல எடுத்தாங்க. இது என்கிட்ட இல்ல."

"டேய், கீழ ஜெராக்ஸ் கடைக்கு ஓடு. சின்னதைப் பெருசாக்கு, பெருசைச் சின்னதாக்கு. நாலு படத்திலயும் இவர் மூக்கு ஒரே அளவுல இருக்கணும்."

"மூக்குக்கு அளவெடுக்கற முதல் துப்பறியும் நிறுவனம் நம்மளோடதுதான்," என்று சொல்லிக்கொண்டே வாலு ஓடினான்.

திரும்பி வந்ததும் அண்ணி நாலு தாள்களையும் கத்தரித்து, மூக்குமேல் மூக்கு வைத்து ஒட்டினாள். மேஜைமேல் மெதுவாக ஒரு முழுப் படம் உருவானது.

கிளாஸ் தெரிந்த படத்தில் குழந்தை இல்லை. மூன்றாவது படத்தில் கிளாஸ் இல்லை. ஆனால் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு பிஞ்சுக் கையும் குழந்தையின் பாதி முகமும் இருந்தன. இரண்டையும் சேர்த்ததும் அந்தப் பிஞ்சுக் கை கிளாஸைப் பிடித்துக்கொண்டது. கிளாஸில் ஓர் உறிஞ்சுகுழல். குழலின் மறுமுனையில் குழந்தையின் வாய். மகளை மடியில் வைத்துக்கொண்டு பழச்சாறு குடிக்க வைக்கிறார் அப்பா. ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் அரைவாசி மூடிவிட்டது. அவ்வளவுதான் போதை.

மெக்கானிக்கின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒரே படத்தை நாலு பேரும் அப்படியே போட்டா, ஒரே கடைன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் அண்ணி. "அதனால ஒவ்வொருத்தனும் வேற வேற இடத்துல வெட்டியிருக்கான். ஒட்டினா முழுசா வந்துரும்னு யோசிக்கல."

"முழுசா வரலயே அண்ணி," என்றான் வாலு. "இங்க ஓட்டையா இருக்கு."

படத்தின் வலதுபக்க மேல் மூலை. அந்த இடம் நாலு பத்திரிகையில் ஒன்றில்கூட இல்லை. மெக்கானிக்கின் தோளில் யாரோ கை போட்டிருந்தார்கள். நாலு விரல் நுனி மட்டும் தெரிந்தது. கைக்குச் சொந்தக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் மேஜைப் பலகைதான் தெரிந்தது.

அண்ணி அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். "நாலு கத்தரி, நாலு பக்கம் போயிருக்கு. ஆனா சொல்லி வெச்ச மாதிரி நாலும் சேர்ந்து இந்த ஒரு மூலையை மட்டும் தின்னுருக்கு. இது யார் கை?"

"தெரியல மேடம். அன்னிக்கு வீடு பூரா ஆளு."

"நீங்க வீட்டுக்குப் போய் அவரைக் குளிச்சு, தலை சீவிக்கச் சொல்லுங்க. மூணு மணிக்கு விசாரணைக்கு வந்துருவோம்."

பெரியவரின் பத்திரிகைக் கட்டடத்தில் நாலு வாசல். நாலு பெயர்ப்பலகை, நாலு நிறம், நாலு வரவேற்பறை.

"பிரிஞ்சு போவோம்," என்றாள் அண்ணி. "நீ முதல் வாசல். நான் மூணாவது."

வாலு முதல் வாசலில் நுழைந்து, சிவப்புச் சோபாவைத் தாண்டி, உள்கதவைத் தள்ளினான். எதிரே ஒரு பெண்மணிமேல் மோதி, "சாரிங்க, பாக்கல," என்றான்.

"கண்ணை எங்க வெச்சிருக்க?" என்றாள் அண்ணி.

நாலு வாசலும் ஒரே கூடத்தில் வந்து முடிந்தன.

"பெரிய அலமாரிக்கு நாலு கதவு வெச்ச மாதிரி இல்ல இருக்கு," என்றான் வாலு, தோளைத் தேய்த்துக்கொண்டே.

அதற்குள் ஒருவர் வேகமாக வந்து கும்பிட்டார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. மெக்கானிக்கின் சகலை. "அக்கா போன் பண்ணினாங்க மேடம். நீங்க வந்ததே எங்களுக்குப் பெரிய தெம்பு. சகலைக்காக நான் எத்தனை கால்ல விழுந்தேன் தெரியுமா? வாங்க, வாங்க. தம்பி, அந்த ஏசி பக்கமா உக்காருங்க."

"எவ்வளவு பதவிசா பேசறார் பாரு," என்றாள் அண்ணி மெல்ல.

"நானும் தேய்ச்ச சட்டை போட்டா பதவிசாத்தான் பேசுவேன்," என்று முணுமுணுத்தான் வாலு.

சகலை குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்லிடறேன். செய்தி, படம் எல்லாம் மேலேர்ந்து வந்துச்சு. மாடியில பெரியவர் ஆபீஸ். டவர் அவரோடது. அவர் பேரு கெடக் கூடாதில்லையா? நாங்க என்ன பண்ண முடியும்?"

வாலு அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் அப்பவே சொன்னேனே என்று அர்த்தம்.

"அப்ப அவ்வளவுதான்," என்றாள் அண்ணி. "தொண்டை காஞ்சிருச்சு. சர்க்கரை இல்லாம ஒரு டீ கிடைக்குமா? பால் கொஞ்சம் தனியா வேணும். இவனுக்கு இஞ்சி போட்டு."

"இதோ மேடம்!" சகலை ஓடினார்.

கூடத்தின் நடுவே இரண்டு வயதானவர்கள் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு முறுக்கிய மீசை. இன்னொருவருக்கு மண்டையில் ஒரு முடி இல்லை. முன்னே எதிரெதிர்ப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள். இன்றைக்கு ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். மீசைக்கு ஜன்னலோர இடம். வழுக்கைக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. மீசை அடிக்கடி அந்த நாற்காலியைக் கடைக்கண்ணால் பார்த்தார். வழுக்கை ஜன்னலைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா சார்?" என்று மீசையிடம் கேட்டாள் அண்ணி.

"அவன்கிட்ட என்ன பேச்சு? முன்ன எல்லாம் அவன் முதல் பக்கத்துல என்ன வருதுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது. அவன் நல்ல செய்தி ஒண்ணு போட்டுட்டான்னா அன்னிக்குப் பூரா வயிறு எரியும்."

வழுக்கை திரும்பாமலே பேசினார். "நான் ஒரு பொய்யை எழுதினா, மறுநாளே ஆள் அனுப்பி விசாரிச்சு, என்னை நடுத்தெருவுல நிறுத்துவான் அந்த ஆளு. அவனுக்குப் பயந்தே நான் யோக்கியனா இருந்தேன்."

"இப்ப?"

"இப்ப எதுக்கும்மா விசாரிக்கணும்?" என்றார் மீசை. "அவன் பக்கத்துல இருக்கறதுதான் என் பக்கத்துலயும் இருக்கு. என் நிருபர்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவன் நிருபர்களையும் அனுப்பிட்டாங்க. பொது மேஜைன்னு ஒண்ணு இருக்கு. அங்கேர்ந்து செய்தி எழுதி வரும். நான் தலைப்பு மாத்துவேன், அவனும் தலைப்பு மாத்துவான். ஒருத்தரைவிட ஒருத்தர் கொஞ்சம் காரமா. போட்டி அவ்வளவுதான்."

வயிறு எரிந்த காலத்தை நினைத்து அவர் ஏங்கியது முகத்தில் தெரிந்தது.

அண்ணி நகர்ந்து, பெரிய திரைமுன் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போனாள். நாலு பத்திரிகைக்கும் லே-அவுட் போடுவது அவள் ஒருத்திதான். ஒட்டுப்போட்ட படத்தை அவள் முன் வைத்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, இப்படி ஒட்டிப் பாப்பாங்களா? ஒரு படத்தை ஒரே மாதிரி வெட்டக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு மேடம். நாலு விதமா வெட்டணும்."

"நல்லா வெட்டியிருக்க. இந்த மூலையை மட்டும் ஏன் நாலுலயும் விட்டுட்ட?"

"நான் விடலயே. எனக்கு வரும்போதே அந்த மூலை இல்ல. யாரோ நறுக்கிட்டுத்தான் அனுப்பியிருந்தாங்க."

"மாடியிலேர்ந்தா?"

"மாடியிலேர்ந்து எங்களுக்குப் படமே வராது மேடம். பொது மேஜைலேர்ந்துதான் வந்துச்சு."

"பொது மேஜைல யாரு?"

அந்தப் பெண் மோவாயை நீட்டிக் காட்டினாள். காட்டிய திசையில், தட்டில் மூன்று டீயும் தனியாக ஒரு கிண்ணத்தில் பாலும் வைத்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வந்துகொண்டிருந்தார் சகலை.

வாலுவின் வாய் பிளந்தது. "இவரா?"

அண்ணி தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். ஒட்டிய படத்தைச் சகலை முன் தள்ளினாள்.

"பிறந்தநாள் வீட்டுல எடுத்த படம். அப்ப கொடுத்தது சொந்தக்காரங்கள்ல ஒருத்தர். கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளை நறுக்கியிருக்கார். அடுத்தவனை யாரும் அவ்வளவு அக்கறையா நறுக்க மாட்டாங்க. தன்னைத்தான் நறுக்குவாங்க. வீட்டுலயும் இருந்து, இந்த மேஜைலயும் இருக்கிற ஆள் எத்தனை பேர் சார்?"

சகலையின் கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. விரல்களை ஒளித்துக்கொண்ட மாதிரி.

"என்... என் வீட்டுக்காரிதான் எடுத்தா. என் போன்ல."

"சகலைங்களுக்குள்ள என்ன தகராறு?"

"தகராறே இல்ல மேடம். இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் நல்ல மனுஷன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, சொல்லிக்கிட்டே இருக்காங்க." அடக்கி வைத்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "மாமனார் வீட்டுல மோட்டார் நின்னா அவர். மிக்ஸி நின்னா அவர். அவர் வந்தாத்தான் மாமியார் அடுப்பையே பத்த வைப்பாங்க. ஃபேனை அவர் பக்கம் திருப்புவாங்க. நான் பட்டம் வாங்கினவன் மேடம். என் பேர் போட்டு கட்டுரை வந்த பேப்பரை அந்த வீட்டு அலமாரித் தட்டுல விரிச்சு, மேல மிளகாய்த்தூள் டப்பாவை வெச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தேன். என் பேருக்கு மேலதான் டப்பா."

வாலு சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்திக்கொண்டான்.

"விபத்துன்னு ரெண்டே வரி வந்துச்சு. மெக்கானிக் யாருன்னு பாத்தேன். குடிச்சிருந்ததா தெரியுதுன்னு ஒரு வரி சேத்துட்டேன். எவனோ ஒருத்தன் ஒரு ஓரத்துல போடுவான், மாமனார் படிப்பார், ஒரு வாரம் அந்த வீட்டுல அவர் பேச்சு அடங்கும்னு நினைச்சேன். முன்ன மாதிரி இருந்திருந்தா எதிர்ப் பத்திரிகை விசாரிச்சு என் மானத்தை வாங்கியிருக்கும். இப்ப விசாரிக்க யாரு இருக்கா? நாலுலயும் தலைப்பாயிருச்சு. ரேடியோல பாட்டுக்கு நடுவுல படிக்கறான்."

"பெரியவர்?"

"அவருக்கு என்ன தெரியும்? டவர் பேரு அடிபடலன்னு மாடியில பாத்தாங்க, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டாங்க. யாரும் உத்தரவு போடல மேடம். யாரும் கேள்வியும் கேக்கல. நேத்தே மறுப்பு எழுதினேன். அதுல டவர் பேரு வருது, வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டாங்க." அவர் கண் கலங்கியது. "அக்காகிட்ட சொல்லிராதீங்க."

"நீங்களே சொல்லுவீங்க," என்றாள் அண்ணி. "மூணு மணிக்கு எங்ககூட வர்றீங்க."

வாலு அவளைத் தனியே இழுத்தான். "ஆள் சிக்கியாச்சு. கூட்டிட்டுப் போய் நிறுத்துவோம். கேஸ் முடிஞ்சுது."

"போய் என்ன ஆகும்? சொந்தக்காரன் சகலையைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு அந்த அதிகாரி சொல்லுவார். அவருக்குப் பேப்பர்ல வரணும். இங்க பேப்பர்ல ஒண்ணு வரணும்னா..." அண்ணியின் பார்வை முதுகுக்கு முதுகாக இருந்த இரண்டு நாற்காலிகளில் போய் நின்றது. "வாலு, பொறாமைக்காரங்களுக்கு நடுவுல புகுந்து மூட்டி விடத் தெரியுமா?"

"அண்ணி, எங்க அம்மா மூணு மருமகளை வெச்சுச் சமாளிக்கறாங்க. நான் அவங்க பிள்ளை."

"அதுல நானும் ஒருத்திடா. போ, வழுக்கை உன்னோடது."

அண்ணி மீசையின் காதருகே குனிந்தாள். அதே நேரம் வாலு வழுக்கையின் காதருகே குனிந்தான்.

"சார், என்கிட்ட வருத்தப்பட்டுப் பேசிட்டிருக்கீங்க. உங்க பின்னாடி இருக்கறவர் கண்ணாடி டவர் அடித்தளத்துல என்ன கிடக்குன்னு பாக்கக் கிளம்பறார்..."

"...மீசைக்காரர் வண்டிக்குச் சொல்லிட்டார் சார். அந்த மெக்கானிக் குடிக்கவே இல்லையாம். புதுக் கம்பிவடம் கீழயே கிடக்காம். அவர் பத்திரிகையோட இணையத்துல அவரே போடப் போறாராம்..."

"...உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். ஆனா அவர் முந்திக்கிட்டா நாளைக்கு இந்தக் கூடத்துல உங்க முகம்..."

"...அப்புறம் அந்த ஜன்னலை நீங்க மறந்துர வேண்டியதுதான்."

இரண்டு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

மீசை எழுந்து, "கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்று பொதுவாகச் சொன்னார்.

"எனக்கும் தலை வலிக்குது. வெளிக்காத்து வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்தார் வழுக்கை.

இருவரும் நடந்தார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள். வாசல்கள் நாலு இருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. ஆளுக்கொரு வாசலில் மோதிக்கொள்ளாமல் ஓடினார்கள்.

மூன்று மணிக்கு லிஃப்ட் கம்பெனியின் விசாரணை அறையில் மெக்கானிக் தலை சீவி, சுத்தமான சட்டையில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மனைவி. கதவருகே சகலை. வந்ததுமே அவர் மெக்கானிக்கின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"என்னம்மா இது அநியாயமா இருக்கு? காலை வரைக்கும் நாலும் ஒண்ணாச் சொல்லுச்சு. இப்ப ஒண்ணு, கம்பிவடம் வந்தும் மாத்த விடாத டவர் நிர்வாகம்னு போடுது. அடுத்த நிமிஷமே இன்னொண்ணு, குடிக்கவில்லை மெக்கானிக், காப்பாத்தினதே அவர்தான், காயம்பட்டவங்களே சொல்றாங்கன்னு போடுது. மத்த ரெண்டும் இன்னும் குடிகாரன்னுதான் சொல்லுது. டிவியும் அப்படித்தான். எதை நான் நம்பறது?"

"எதையும் நம்பாதீங்க சார்," என்றாள் அண்ணி. "டவர் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. நடந்து போய் நீங்களே பாத்துருங்க."

அப்படி ஒரு வழி இருப்பது அதிகாரிக்கு அதுவரை தோன்றியதே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கண்ணாடி டவரின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கம்பிவடம் பெரிய சுருளாகக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் மீசை, அந்தப் பக்கம் வழுக்கை. தூசியில் இருவர் முட்டியும் வெள்ளையாகியிருந்தது.

"நான்தான் முதல்ல பாத்தேன்!"

"நீ படிக்கட்டுல மூச்சு வாங்கிட்டு நின்ன. நான் வந்து தொட்டே பாத்துட்டேன்!"

இரண்டு பேரின் போனும் அடித்தது. மீசை எடுத்தார், கேட்டார், வைத்தார். வழுக்கையும் எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"மாடியிலேர்ந்து," என்றார் மீசை. "நாளைலேர்ந்து வர வேண்டாமாம்."

"என்கிட்டயும் அதேதான்."

"எனக்குத்தான் முதல்ல அடிச்சுது."

"உனக்குச் சொல்லிட்டிருக்கும்போதே என்கிட்ட சொல்லி முடிச்சாச்சு." வழுக்கை சட்டென்று சிரித்துவிட்டார். "வெளிய போய்ப் பத்திரிகை ஒண்ணு ஆரம்பிச்சேன்னு வெச்சுக்கோ, உன்னை நாறடிச்சுருவேன்."

"நீ ஆரம்பி. எதிர் வீட்டுல நான் ஆரம்பிக்கறேன்," என்றார் மீசை. அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அதிகாரி பழைய கம்பிவடத்தைப் பார்க்க மேலே இயந்திர அறைக்கு ஏறினார். மெக்கானிக்தான் விளக்குப் பிடித்து வழி காட்டினார். இறங்கி வந்தபோது அதிகாரியின் கையெல்லாம் கறுப்பு கிரீஸ்.

"விசாரணை உங்க மேல இல்ல," என்றார் மெக்கானிக்கிடம். "நிர்வாகத்து மேல. நாளைக்கு லிஃப்டை நிறுத்திட்டு வடத்தை மாத்துங்க. யாராவது தடுத்தா எனக்குப் போன் பண்ணுங்க."

மெக்கானிக்கின் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

எல்லோரும் நகர்ந்த பிறகும் சகலை ஒருவர் மட்டும் கம்பிச் சுருள் அருகே நின்றார். மெக்கானிக் அவரிடம் வந்தார்.

"சொன்னா, என் வீட்டுக்காரி," என்றார். "நிஜமா என்னைப் பாத்தா உங்களுக்குப் பொறாமை?"

சகலை தலையைக் குனிந்துகொண்டார்.

மெக்கானிக் கோபப்படுவார் என்று வாலு எதிர்பார்த்தான். அவர் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை.

"என் பொண்ணு பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும், எங்க சித்தப்பா பேப்பர்ல எழுதறார்னுதான் சொல்லிட்டுத் திரியறா. அப்பா என்ன வேலைன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடறாளாம். டீச்சர் சொன்னாங்க. வேலை முடிஞ்சு வந்து நகத்துல இருக்கற கிரீஸ் போகறவரைக்கும் நான் அவளைத் தொடக் கூடாது. நீங்க வந்ததும் தூக்கிக்குவீங்க. அதைப் பாத்துட்டு நான் போய் மாமனார் வீட்டு மோட்டாரைக் கழட்டிக்கிட்டு உக்காந்துருவேன். வேற எங்க போக?" அவர் மூச்சு விட்டார். "இத்தனை வருஷமா நான்தான் உங்களைப் பாத்து வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்யா."

மனைவி கூப்பிட, அவர் திரும்பிப் போனார்.

தினமும் நாலு பத்திரிகைக்கும் செய்தி எழுதிக் கொடுக்கிற அந்த மனிதர், சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவையும் எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, அவர் பின்னால் நடந்தார்.